தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள்: தென்கிழக்கு அமெரிக்க வனவிலங்கு வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜியா, அலபாமா, டென்னசி, மிசிசிப்பி, தென் கரோலினா, ஆர்கன்சா மாநிலங்களில் வேட்டை விதிகளை வகுக்கும் வாரிய, ஆணைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காட்டு வான்கோழி குறைந்துவருகிறது என்பதில் நம்மில் யாருக்கும் ஐயமில்லை. ஏன் குறைகிறது என்று கேட்டால்தான் உங்கள் கூட்ட அரங்குகளில் குரல்கள் உயர்கின்றன. இரவில் இரை தேடும், பூனையைவிடச் சற்றுப் பெரிய ரக்கூனும், சிறு ஓநாய் போன்ற கொயோட்டியும் பெருகிவிட்டன, அவற்றின் தலைக்கு விலை வையுங்கள் என்கிறது ஒரு பக்கம். இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், எந்த விலங்கையும் தொடாதீர்கள் என்கிறது இன்னொரு பக்கம். இருவரும் பேசிக் கைதட்டல் வாங்கி அமர்ந்த பிறகு நீங்கள் வழக்கமாகச் செய்வது, வேட்டைப் பருவத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடுவது. நான் கேட்பது வேறு. கொன்ற விலங்கின் வாலுக்குக் காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன், மானுக்கென்று ஆண்டு முழுவதும் நாமே கொட்டி, அந்த விலங்குகளுக்கு விருந்தாகும் மக்காச்சோளத்தை நிறுத்துங்கள்.

நான் வேட்டைக்காரன் அல்லன். ஜார்ஜியாவில் குடியேறிய தமிழன். ஏப்ரல் விடியலில் ஆண் வான்கோழியின் முழக்கத்தைக் கேட்கவென்றே காட்டுக்குப் போகிறவன். இதே கருத்தை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. அட்லாண்டாவைச் சுற்றி ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்கும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மான் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கொல்லைப்புறத்தில் தீவனம் கொட்டும் பழக்கமும் அவர்களைத் தொற்றிக்கொண்டுவிட்டது. அவர்களும் படிக்கட்டும்.

முதலில் வேட்டைக்காரர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிட வேண்டும். காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் 1930-களில் இந்தப் பறவை பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்பட்டிருந்த வரிப் பணத்தை (இன்று 11 விழுக்காடு) வனவிலங்குப் பணிக்கென்று ஒதுக்கியது. ஆரம்பத்தில் அந்தப் பணம் பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விடுவதிலும் வீணானது. கூண்டில் பொரித்த பறவைக்கு எதிரியைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை. விட்ட வேகத்தில் செத்துப்போனது. 1951-இல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில், சிறு பீரங்கிகளால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்த பிறகுதான் கதை மாறியது. பிடித்த பறவைகளை வெறுமையாகக் கிடந்த காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1973-இல் ஜார்ஜியாவில் 17,000 பறவைகளே இருந்தன. பிற்பாடு அது 3 லட்சத்தைத் தொட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய 70 லட்சம். உலகில் இப்படி மீண்டெழுந்த பறவைகள் அதிகமில்லை. அதற்கான செலவில் பெரும்பகுதி, சுடும் உரிமத்துக்குக் காசு கட்டியவர்களுடையது. வேட்டையை வெறுக்கும் என் நண்பர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை.

அதன் பிறகு சரிவு. மிசௌரியில் 2004 வசந்தத்தில் 60,000-க்கும் அதிகமான பறவைகள் வேட்டையில் கிடைத்தன. 2018-இல் சுமார் 36,000. மிசௌரி உங்கள் வட்டாரம் அன்று. ஆனால் போக்கு ஒன்றுதான். வேட்டைக் கணக்கைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு எண்: கோடையில் ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சுகள் கண்ணில் படுகின்றன என்பது. இரண்டு இருந்தால் கூட்டம் நிலைக்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மாநிலங்கள் பலவற்றில் பல ஆண்டுகள் அந்த எண் இரண்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

குஞ்சு ஏன் தப்பவில்லை என்பதை அறியப் பெட்டையின் வசந்தத்தைப் பார்த்தால் போதும். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. புதரடியில் தரையைச் சற்றே பள்ளமாக்கி, கிட்டத்தட்ட நாளுக்கொன்றாகப் பத்து, பன்னிரண்டு முட்டைகளை இடுகிறது. பிறகு ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கிறது. முதல் முட்டை விழுந்த நாளிலிருந்து பொரிக்கும் நாள் வரை, சுமார் ஆறு வாரம், அந்தப் பள்ளம் காட்டின் எல்லா மூக்குகளுக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. ரக்கூன், வயிற்றுப் பையுள்ள ஒப்போசம், நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க், எலிப் பாம்பு, காகம் என்று முட்டை தின்பவற்றின் வரிசை நீளம். அடைகாக்கும் தாயையே தூக்கிக்கொண்டு போக பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் கொயோட்டியும் கொம்பன் ஆந்தையும் இருக்கின்றன. ஐந்து கூடுகளில் ஒன்று பொரித்தால் பெரிது என்பதுதான் தென்கிழக்கின் பல ஆய்விடங்களில் நிலவரம். பொரித்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் குஞ்சால் மரக்கிளைக்குப் பறக்க முடியாது. தரையில், தாயின் சிறகடியில்தான் இரவு கழிகிறது. அந்த வாரங்களில் அதற்கு வேண்டியது பூச்சி. தானியமன்று, வெட்டுக்கிளியும் வண்டும் புழுவும். தாய் தலையை நிமிர்த்தினால் சுற்றிலும் தெரிய வேண்டும். குஞ்சு தலையைத் தாழ்த்தினால் மறைந்துவிட வேண்டும். அந்த உயரத்துக்குப் புல்லும் பூண்டும் கலந்து வளர்ந்த, அடியில் நடக்க இடமுள்ள, வெயில் விழும் தரை வேண்டும். தென்கிழக்கில் நாம் இழந்திருப்பது அந்தத் தரையைத்தான்.

ஆகவே, ஊனுண்ணிகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். முட்டையைத் தின்றது யார் என்று சொல்லப் பல்கலைக்கழகம் தேவையில்லை என்பார் என் பக்கத்து நிலத்துக்காரர். அவர் சொல்வது சரி. அவர் பாட்டன் காலத்தில் ரக்கூனுக்கு விலை இருந்தது. எழுபதுகளின் இறுதியில் ஒரு தோல் 20 டாலருக்கு மேல் போனது. குளிர்கால மாலைகளில் பொறி வைக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் போனார்கள். எண்பதுகளின் கடைசியில் தோல் சந்தை விழுந்தது. பொறி வைப்பவர்கள் போய்விட்டார்கள், ரக்கூன் இருந்துவிட்டது. கொயோட்டியோ இந்தப் பகுதிக்குப் புதியது. செந்நிற ஓநாயை நாமே ஒழித்துக் காலி செய்த இடத்துக்கு, மேற்கிலிருந்து கடந்த நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆனால் ஒன்று: தென்கிழக்கில் வான்கோழி மளமளவென்று பெருகிய எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும்தான் கொயோட்டியும் பரவியது. இரண்டும் ஒன்றாகவே ஏறின. கொயோட்டி வந்தது, வான்கோழி போயிற்று என்று ஒரே வரியில் கதை சொல்பவர்கள் இந்தக் காலக்கணக்கைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஊனுண்ணிகளைக் குறைத்தால் குஞ்சு கூடுமா? கூடும். 1970-களின் தொடக்கத்தில் தெற்கு டெக்சஸில் சில ஆயிரம் ஏக்கர் பரப்பில் இதைச் செய்து பார்த்தார்கள். 150-க்கும் மேற்பட்ட கொயோட்டிகளையும் 100-க்கும் மேற்பட்ட பாப்கேட்களையும் கொன்றார்கள். வான்கோழிக் குஞ்சுகள் கூடின. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தக் கொலைக் கணக்கை இன்னொரு முறை படிக்க வேண்டும். சில ஆயிரம் ஏக்கருக்கே அத்தனை விலங்குகள். காலியான இடத்தைப் பிடிக்கச் சுற்றுப்புறத்திலிருந்து இளம் கொயோட்டிகள் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் குறைந்தால் இருப்பவை அதிகக் குட்டிகள் போடும். ரக்கூனும் அப்படித்தான். எனவே இந்த வேலையை ஒவ்வோர் ஆண்டும், முட்டைப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன், அதே இடத்தில் விடாமல் செய்தால்தான் பலன் நிற்கும். என் பக்கத்து நிலத்துக்காரர் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நாய் சிக்காத குழாய்ப் பொறிகளை வைத்து ரக்கூன் பிடிக்கிறார். உள்ளே இனிப்பு மிட்டாய். வளர்ப்பு நாயின் பாதம் அந்தக் குழாய்க்குள் நுழையாது, ரக்கூனின் கை நுழையும். தன் நிலத்தில், தன் உழைப்பில், கோடை முழுவதும் குஞ்சுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு அவர் செய்வதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. கோடிக்கணக்கான ஏக்கர் கொண்ட ஒரு மாநிலம் அதைச் செய்ய முடியும் என்று நினைப்பதில்தான் குறை.

மாநிலம் செய்ய முற்படும்போது அது வேடிக்கையாகிவிடுகிறது. 2017-இல் ஜார்ஜியா கொயோட்டி கொன்றவர்களுக்குக் குலுக்கல் நடத்தியது. பரிசு ஆயுள்கால வேட்டை உரிமம். தென் கரோலினா இன்னும் ஒரு படி மேலே போனது. கொயோட்டிகளைப் பிடித்து அடையாளக் குறி மாட்டித் திரும்பக் காட்டில் விட்டது. அந்தக் குறியுள்ள விலங்கைக் கொல்பவருக்கு ஆயுள்கால உரிமம். ஒழிக்க வேண்டிய விலங்கைப் பிடித்து, பரிசுச் சீட்டாக்கி, உயிரோடு விட்ட நிர்வாகம் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

வாலுக்குக் காசு என்பதன் முழு வடிவத்தைப் பார்க்கத் தெற்கு டகோட்டாவுக்குப் போக வேண்டும். அங்கே பிரச்சினை வான்கோழி அன்று, ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையும் வாத்தும். 2019-இல் ஆளுநர் கிறிஸ்டி நோம் தொடங்கிய திட்டத்தில், ரக்கூன், ஸ்கங்க், ஒப்போசம், வளை தோண்டும் பேட்ஜர், செந்நரி ஆகியவற்றின் வால் ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 50,000-க்கும் மேற்பட்ட வால்கள் வந்து குவிந்தன. ஒதுக்கிய 5 லட்சம் டாலர் தீர்ந்தது. ஆனால் அந்த வால்கள் எந்தக் கூட்டின் அருகில் இருந்து வந்தவை? மாநிலம் முழுவதிலும் இருந்து, பிடிக்க எளிதான இடங்களில் இருந்து. சாலையோரத்தில் சிக்கிய ரக்கூனின் வாலும் கூட்டருகில் சிக்கியதன் வாலும் ஒரே விலைக்குப் போயின. அடுத்த ஆண்டு, 2020-இல், அந்த மாநிலம் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த ஃபெசன்ட் குஞ்சுக் கணக்கெடுப்பை நிறுத்தியது. வாலை எண்ணினார்கள், பறவையை எண்ணுவதை விட்டார்கள். திட்டம் பலித்ததா என்று கேட்கிறவருக்குக் காட்டுவதற்கு வால்கள் மட்டுமே மிஞ்சின. உங்கள் மாநிலங்களிலும் இதையே கொண்டுவரச் சொல்லி மனு எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி மக்காச்சோளத்துக்கு வருகிறேன்.

மாநிலம் முழுவதும் தனியார் நிலங்களில் இரை போட்டு மான் வேட்டையாடலாம் என்று ஜார்ஜியா 2018-இல் வழி திறந்தது. அலபாமா 2019-இல் அதற்கென்று தனி உரிமமே விற்கத் தொடங்கியது. விளைவை எந்தக் கிராமத்துப் பெட்ரோல் நிலையத்திலும் பார்க்கலாம்: வாசலில் மூட்டை மூட்டையாக மான் தீவனம். மான் வேட்டைப் பருவம் குளிர்காலத்தோடு முடிந்தாலும் தீவனப் பெட்டிகள் அணைவதில்லை. பேட்டரியில் ஓடும் சக்கரம் காலையும் மாலையும் சோளத்தைச் சுற்றி வீசுகிறது. அங்கே வருவது யார் என்று தானியங்கிக் கேமரா வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். மான் வந்த படம் ஒன்று என்றால் ரக்கூன் குடும்பத்தோடு வந்த படங்கள் பல.

காலத்தைக் கவனியுங்கள். ரக்கூன் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடுகிறது. குளிர்காலம் என்பது ஒரு காலத்தில் அதன் எண்ணிக்கையை மட்டுப்படுத்திய பருவம். இப்போது பசியில்லாமல் கொழுத்த தாய் நலமாகக் குட்டி ஈன்று, பால் கொடுக்கும் பசியோடு காட்டைத் துழாவும் அதே வாரங்களில்தான் வான்கோழி முட்டை தரையில் கிடக்கிறது. தீவனப் பெட்டிக்கு அருகே வைத்த செயற்கைக் கூடுகள் தூரத்தில் வைத்தவற்றைவிட அதிகமாகச் சூறையாடப்பட்டதை டெக்சஸில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஈரத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வான்கோழிக்குக் குறிப்பாக ஆகாது. இவை எல்லாம் உங்கள் துறையின் உயிரியலாளர்களுக்குத் தெரிந்தவை. நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வான்கோழியை இரை போட்டு வேட்டையாடக் கூடாது என்று நீங்களே சட்டம் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பறவையின் முட்டையைத் தின்பவற்றுக்கு மட்டும் ஆண்டு முழுவதும் விருந்து.

ஏன் நிறுத்த முடியவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. மான் வேட்டைக்காரர்கள் வான்கோழி வேட்டைக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆள்தான், நவம்பரில் ஒரு தொப்பி, ஏப்ரலில் ஒரு தொப்பி. தீவனம் விற்பவர்களுக்கு உங்கள் சட்டமன்றத்தில் நண்பர்கள் உண்டு. ரக்கூனுக்கு யாரும் இல்லை. எனவே ரக்கூன் மீது போர் அறிவிப்பது எளிது, மூட்டை மீது கை வைப்பது கடினம்.

வாழிடத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இந்தத் தென்கிழக்கு ஒரு காலத்தில் நெருப்பால் வளர்ந்த நிலம். நீள ஊசியிலைப் பைன் காடுகள் ஏறத்தாழ 9 கோடி ஏக்கர் பரந்திருந்தன. மின்னலும் பழங்குடியினரும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மூட்டிய தீ தரையைத் திறந்து வைத்திருந்தது. 1990-களில் அதில் மிஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர். அந்த இடத்தில் நெருக்கி நட்ட தோட்டப் பைன்கள் சில ஆண்டுகளில் தலைகோத்துத் தரையை இருட்டாக்கிவிடுகின்றன. மேய்ச்சல் நிலத்திலோ ஃபெஸ்கியூ புல் பாய் விரித்தாற்போல் அடர்ந்து, குஞ்சு கால் வைக்க இடமில்லாமல் செய்கிறது. மே மாதம் வைக்கோலுக்கு அறுக்கும் எந்திரம் கூட்டையும் தாயையும் சேர்த்தே அறுக்கிறது. நல்ல மறைவில் இருக்கும் கூட்டை ரக்கூன் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலியோரத்தில் மிஞ்சிய ஒற்றைப் புதர் வரிசையில் இருக்கும் கூடோ அது நடக்கும் வழியிலேயே கிடக்கிறது.

வசந்தத் தீ முட்டைகளை எரித்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் குறைப்படுவது எனக்குத் தெரியும். சில கூடுகள் எரியத்தான் செய்யும். ஆனால் தீ காணாத காட்டில் கூடு வைக்க இடமே இல்லை. குறை சொல்ல வேண்டியது எரிக்கும் அளவை. தேசியக் காடுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே மூச்சில் கொளுத்துகிறார்கள். பெட்டைகள் அந்தக் கருநிலத்தின் விளிம்பிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான் உள்ளே போகின்றன. சிறு சிறு துண்டுகளாக, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எரிக்கச் செலவு கூடும், ஆள் வேண்டும். வாலுக்குக் கொடுக்கும் காசு அங்கே போகட்டும்.

வேட்டைப் பருவத்தைப் பற்றி ஒரு சொல். ஆதிக்கச் சேவல்களை இணைசேரும் முன்பே சுட்டுவிடுவதால் பெட்டைகளின் முட்டையிடல் தாமதமாகலாம் என்ற கருத்தை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக் சேம்பர்லேன் போன்ற ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஜார்ஜியா 2022-இல் பருவத்தை ஏப்ரலுக்குத் தள்ளி, ஆளுக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கியது. டென்னசி ஜைல்ஸ், லாரன்ஸ், வெய்ன் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) மட்டும் முதலில் இரண்டு வாரம் தள்ளிவைத்து, தள்ளாத கவுண்டிகளோடு ஒப்பிட்டுப் பெட்டைகளைக் கண்காணித்தது. 2024-இல் வெளியான முடிவு: தள்ளிவைத்ததால் கூடுகளின் வெற்றியில் மாற்றமில்லை. அதற்குள், 2023 பருவத்திலிருந்தே, ஆணையம் மாநிலம் முழுவதற்கும் அதை விதியாக்கிவிட்டது. குறைவாகச் சுடுவதால் அதிகச் சேவல்கள் மிஞ்சும், அது நல்லதுதான். ஆனால் குஞ்சு அதனால் கூடவில்லை. டென்னசியின் அவசரத்தை விட்டுவிட்டு அதன் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் ஒத்த நிலமுள்ள கவுண்டிகளை இரண்டு தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு தொகுதியில் மார்ச் முதல் ஜூலை இறுதி வரை மக்காச்சோளம் கொட்டுவதைத் தடை செய்யுங்கள்; மான் வேட்டைக்காரருக்கு இலையுதிர்காலத்தில் எந்த இழப்பும் இல்லை. இன்னொன்றில் இன்றைய நிலையே தொடரட்டும். இரண்டிலும் பெட்டைகளுக்கு இருப்பிடம் காட்டும் அலைபரப்பி மாட்டி, கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணுங்கள். பொறி வைக்க விரும்பும் நிலத்துக்காரருக்குப் பிப்ரவரி, மார்ச்சில் எளிதான அனுமதி கொடுங்கள். பதிலுக்கு அவரிடம் வாலைக் கேட்காமல், கோடையில் அவர் பார்த்த பெட்டை, குஞ்சுக் கணக்கைக் கேளுங்கள். ஐந்தாண்டு நடத்துங்கள்; ஓரிரண்டு மழைக் கோடைகள் வந்தால் கணக்கு குழம்பும், நனைந்த குஞ்சு குளிரில் சாகும் என்பதால் மூன்றாண்டு போதாது. அந்தக் கணக்கு முடிவில் சோளத்தை நிறுத்தியும் பயனில்லை, ரக்கூனைப் பிடித்த இடத்தில்தான் குஞ்சு தப்பியது என்று தெரிந்தால், பொறிகளுக்கான செலவில் என் வரிப்பணமும் சேரட்டும். அதுவரை வாலுக்குக் காசு கேட்கும் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவில் வாழும் ஒரு தமிழன்